ரவுட்டர் பிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்டைப் பாருங்கள்

மரத்தில் பள்ளம் எடுக்கவும் ஓரத்தை உருட்டவும் உதவும் மெஷின் ரவுட்டர். அதில் மாட்டிச் சுழலும் வெட்டுக் கருவி பிட், மெஷின் பிடித்துக்கொள்ளும் அதன் காம்பு தண்டு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சுக் கணக்கு. ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஆனால் பேச்சில் 6 மி.மீ.யையும் ரெண்டு நூல் என்றே சொல்லிவிடுகிறோம். ஜன்னல் சட்டத்துக்கு அது பெரிய தப்பில்லை, ரவுட்டர் பிட்டுக்கு அதுதான் தொல்லையின் ஆரம்பம். கடையில் "ரெண்டு நூல் தண்டு" என்று கேட்டால் 6 மி.மீ. பிட்டும் வரும், 6.35 மி.மீ. பிட்டும் வரும். இந்தியில் "தோ சூத்" என்று கேட்டாலும் இதேதான். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்கு இது புரிந்தது ஒரு கொலுப்படியில். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனியில், நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கழற்றி அடுக்கி வைக்கக்கூடிய ஐந்து படி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன். பக்கப் பலகை 18 மி.மீ. ப்ளைவுட், ஒவ்வொரு படியும் உட்கார 6 மி.மீ. ஆழத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம். முதல் இரண்டு காடி நன்றாக வந்தது. மூன்றாவதில் பாதி தூரம் போனதும் மெஷினின் சத்தம் மாறியது, தள்ளவே கையில் பலம் தேவைப்பட்டது, கருகல் வாடை வேறு. நிறுத்திவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தால், ஆரம்பத்தில் 6 மி.மீ. இருந்த காடி நின்ற இடத்தில் 10 மி.மீ. தண்டைப் பிடிக்கும் வாயான காலெட்டிலிருந்து பிட் நழுவிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது தண்டில் வளையம் வளையமாகப் பழுப்புத் தடம். காலெட் 6.35, பிட் 6. அந்தப் பலகை போயே போய்விட்டது, பிட் மொத்தமாக வெளியே வந்து பறக்காதது பெரிய விஷயம்.

கீழ் வீட்டில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், இருபது வருடமாக இன்டீரியர் வேலை செய்பவர், அந்தத் தண்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடைக்குப் போறப்ப காலெட்டைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போங்க" என்றார். அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன், உங்களுக்கும் முதலில் அதையே சொல்கிறேன். காலெட்டின் நட்டைக் கழற்றினால் அது தனியாகக் கையில் வந்துவிடும். கடையிலேயே பிட்டைச் செருகிப் பாருங்கள். ஆடாமல், தள்ளினால் மெதுவாக இறங்கினால் அது உங்கள் பிட். கடகடவென்று ஆடினால் தண்டு சின்னது. நுழையவே மறுத்தால் தண்டு பெரிது, அதைத் தட்டி இறக்க வேண்டாம். துல்லியமாக அளக்கும் வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது, 6.00 என்றும் 6.35 என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சில மெஷின்களோடு இரண்டு அளவு காலெட்டும் பெட்டியில் வரும், அதனால் இப்போது உள்ளே எது இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ரவுட்டரில் இதே சிக்கல் இன்னோர் அளவில் இருக்கிறது. 12 மி.மீ. தண்டும் அரை அங்குலத் தண்டும் ஒன்றல்ல, அரை அங்குலம் 12.7 மி.மீ. நடுவில் 8 மி.மீ. என்று ஒன்று உண்டு, வெளிநாட்டு பிட்டுகளில் அதிகம் பார்க்கலாம், அதற்கு அதற்கான காலெட் வேண்டும்.

உங்கள் மெஷின் கால் அங்குலம், அரை அங்குலம் இரண்டையும் பிடிக்கும் என்றால், காடி எடுக்கிற நேர் பிட்டுகளை அரை அங்குலத் தண்டில் வாங்குங்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வளையாத்தன்மை பதினாறு மடங்காகும். ஆழமான காடியில் கால் அங்குலத் தண்டு லேசாக வளைந்து அதிரும், அந்த அதிர்வு காடியின் சுவரில் அலை அலையாகத் தெரியும். ஓரத்தை லேசாக உருட்டுகிற சின்ன பிட்டுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம், கால் அங்குலமே தாராளம்.

அப்புறம் மாட்டுகிற விதம். பிட்டை முடிகிற வரை உள்ளே தள்ளி, அதன்பின் 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்துவிட்டு முறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு இருக்கும்போதே முறுக்கினால், முறுகுவதுபோல் இருந்தும் சரியாகப் பிடிக்காது. குறைந்தது 20 மி.மீ. தண்டாவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று தண்டை வெளியே இழுத்து வேலை செய்வதைவிட, நீளமான பிட் ஒன்று வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் செய்யும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, சாக்கெட்டிலிருந்து பிடுங்க வேண்டும்.

சரி, தண்டு முடிந்தது. அடுத்து எந்த உலோகம். ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகில் செய்த பிட் விலை குறைவு, புதிதாக இருக்கும்போது பைன் மரத்தில் வெண்ணெய் மாதிரி வெட்டும். ஆனால் நம் வீடுகளில் முக்கால்வாசி வேலை ப்ளைவுட்டும், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும்தான். ப்ளைவுட்டில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இறுகிப்போன பிசின் இருக்கிறது, அது ஹெச்.எஸ்.எஸ். முனையைச் சீக்கிரமே மழுக்கிவிடும். தேக்கும் லேசுப்பட்டதல்ல, அதற்குள் சிலிக்கா இருப்பதால் எந்தக் கருவியின் முனையையும் தின்னும். அதனால் கார்பைடு முனை வைத்த பிட்டைத்தான் வாங்க வேண்டும், கடையில் டி.சி.டி. (டங்ஸ்டன் கார்பைடு டிப்டு) என்று கேளுங்கள். ஹெச்.எஸ்.எஸ். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், நாலு ப்ளைவுட் ஓரத்துக்குள் கருகல் தடம் வர ஆரம்பிக்கும், பிறகு அதைத் தேய்த்து எடுக்கவே அரை நாள் போகும்.

கார்பைடுக்கு ஒரு குணம் உண்டு. கடினம், ஆனால் நொறுங்கும். சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் முனையில் ஒரு பொட்டு உடையும், அந்தப் பொட்டு அதன்பிறகு நீங்கள் வெட்டும் ஒவ்வோர் ஓரத்திலும் நூல் மாதிரி ஒரு கோடாக நிற்கும். பழைய கதவு, ஜன்னல் சட்டம் வாங்கிவந்து வேலை செய்பவர்கள், பிட் வைக்கும் முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். தலை உடைந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும், பிட் அதில் பட்டால் பிட்டும் போகும், கண்ணுக்கும் ஆபத்து.

எஸ்.பி. ரோடு பக்கம் போய் நேரில் வாங்குவதில் எனக்குப் பிடித்த விஷயமே, பிட்டைக் கையில் வாங்கிப் பார்க்க முடிவதுதான். வெளிச்சத்தில் பிடித்து, கார்பைடு துண்டு உடம்போடு ஒட்டியிருக்கும் பற்றவைப்பைப் பாருங்கள், இடைவெளியோ துளையோ இருக்கக் கூடாது. கார்பைடு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள், மெல்லிய தகடு மாதிரி இருந்தால் மறுபடி சாணை பிடிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு பக்க முனையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? தண்டைக் கடையின் கண்ணாடி மேல் உருட்டினால் ஆடாமல் உருள்கிறதா? பேரிங் இருந்தால் விரலால் சுற்றுங்கள், கரகரப்பு இல்லாமல் ஓட வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. நேர் பிட் என்றால் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். அடியிலும் வெட்டும் முனை இருந்தால்தான் மரத்தின் நடுவில் நேராக இறக்க முடியும். அது இல்லாத பிட்டை நடுவில் அழுத்தினால் துளை விழாது, புகைதான் வரும்.

ஆன்லைனில் 12, 15 பிட் போட்ட மரப்பெட்டி ஒன்று எல்லோர் கண்ணிலும் படும், நான்கூட முதலில் அதைத்தான் வாங்கினேன். அதில் உள்ள வடிவங்களில் பாதியை ஒருமுறைகூட எடுக்கவில்லை, எடுத்த மூன்று நான்கு சீக்கிரம் மழுங்கின. அதே பணத்துக்கு நல்லதாக இரண்டு பிட் வாங்கி, அடுத்த வேலை வரும்போது அதற்கான ஒன்று, அதற்கடுத்த வேலைக்கு இன்னொன்று என்று சேர்ப்பது எவ்வளவோ மேல். வடிவங்களைப் பழக மட்டும் வேண்டும் என்றால் அந்தப் பெட்டி பரவாயில்லை, வீட்டில் நிற்கப்போகிற சாமானுக்கு வேண்டாம்.

முதல் பிட் எது என்று கேட்டால் தயங்காமல் ரவுண்ட் ஓவர் என்பேன். ஓரத்தை உருட்டித் தரும் பிட், கீழே பேரிங் இருக்கும், அந்தப் பேரிங் மரத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால் கைடு எதுவும் தேவையில்லை. மனைப்பலகை, புத்தக அலமாரி, குழந்தை ஏறி இறங்கும் ஸ்டூல், எல்லாவற்றிலும் கூர்மையான விளிம்பை எடுத்துவிட்டால் கைக்கு வரும் சுகமே வேறு. 3 மி.மீ. ஆரம் ஒன்று, 6 மி.மீ. ஆரம் ஒன்று, வீட்டுக்கு இந்த இரண்டு போதும். பெரிய ஆரம் வாங்கினால் ஒரு கணக்கைப் பாருங்கள். 18 மி.மீ. பலகையில் மேலே கீழே இரண்டு பக்கமும் 6 மி.மீ. உருட்டினால் நடுவில் 6 மி.மீ. நேர் ஓரம் மிஞ்சும், பேரிங் ஓட இடம் உண்டு. 9.5 மி.மீ. பிட்டால் ஒரு பக்கம் உருட்டிவிட்டு மறுபக்கம் திருப்பினால், பேரிங்குக்குச் சாய இடமே இருக்காது, பிட் உள்ளே சறுக்கி ஓரத்தைக் கடித்துவிடும். இன்னொன்று, பிட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினால் உருட்டலுக்கு மேல் சின்னப் படி ஒன்று விழும். பழைய மேசைகளில் பார்த்திருப்பீர்கள், வேண்டுமென்றே அப்படி விடுவதும் உண்டு. வேண்டாம் என்றால் ஒரு துண்டுப் பலகையில் ஓட்டிப் பார்த்து, விரலால் தடவி, படி தட்டுப்படாத உயரத்தில் பூட்டிவிடுங்கள். 45 டிகிரியில் சாய்வாகச் சீவுகிற சாம்ஃபர் பிட்டும் இதே குடும்பம்தான், உருட்டல் பிடிக்காதவர்களுக்கு அது.

மைக்கா ஒட்டுபவர்களுக்கு ஃப்ளஷ் ட்ரிம் பிட் வேண்டும். மைக்காவைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டிவிட்டு, பேரிங்கைப் பலகை ஓரத்தில் ஓடவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சுத்தமாகப் போய்விடும். இதில் பசைதான் எதிரி. ஓரத்தில் வழிந்த பசை பேரிங்கில் ஒட்டினால் பேரிங் இறுகிவிடும், இறுகிய பேரிங் பிட்டோடு சேர்ந்து சுழன்று, ஏற்கெனவே ஒட்டிய பக்கத்து மைக்காவில் கறுப்புத் தடம் போடும், அது போகாது. ஓட்டும் முன் பசையைத் துடைத்துவிட்டு, பேரிங் ஓடும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி நேர் பிட். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இதில்தான், ஏனென்றால் கொலுப்படியோ அலமாரியோ, பலகை பலகைக்குள் இறங்கி நிற்பது காடியால்தான்.

18 மி.மீ. ப்ளைவுட் என்று பில்லில் இருக்கும். வெர்னியரில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஒரே பலகையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும்கூட வேறுபடும். இதற்கு முக்கால் அங்குல பிட் போட்டால் காடி 19.05 மி.மீ. வரும், பலகை அதற்குள் தள்ளாடும், பசை போட்டாலும் பிடிக்காது. 18 மி.மீ. பிட் போட்டாலும் இடைவெளி தெரியும். அதனால் பலகையின் தடிமனுக்குச் சமமான பிட்டைத் தேடாதீர்கள், அதைவிடச் சின்னதாக 12 மி.மீ. பிட் ஒன்று வாங்கி இரண்டு ஓட்டத்தில் காடி எடுங்கள். அகலத்தை நீங்கள் தீர்மானிக்கலாம், பிட் தீர்மானிக்காது.

அகலத்தை அளக்காமலே சரியாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. காடி வரவேண்டிய இடத்தில், அதில் உட்காரப்போகும் பலகையின் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் இரண்டு பக்கமும் 12 மி.மீ. ப்ளைவுட்டில் நேராக வெட்டிய இரண்டு பட்டிகளை ஒட்டவைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நடுத் துண்டை உருவிவிடுங்கள். பட்டிகளுக்கு நடுவில் இருப்பது அந்தப் பலகையின் சரியான தடிமன். இப்போது மேலே பேரிங் உள்ள நேர் பிட்டை, கடையில் பேட்டர்ன் பிட் என்பார்கள், மாட்டி ஒரு பட்டியைத் தொட்டுக்கொண்டு போய், மறு பட்டியைத் தொட்டுக்கொண்டு திரும்பினால் காடி தயார். படியைச் செருகும்போது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் இறங்குகிற இறுக்கம் கிடைக்கும்.

இதற்கு பிட் வாங்கும்போது வெட்டும் பாகத்தின் நீளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பட்டி 12 மி.மீ., காடி ஆழம் 6 மி.மீ., ஆக பிட்டின் நுனி ரவுட்டரின் அடித்தட்டுக்குக் கீழே 18 மி.மீ. போகும். வெட்டும் பாகம் 12 மி.மீ. நீளம் என்றால் அதற்கு மேல் உள்ள பேரிங் பட்டியின் உயரத்துக்குள் வந்து அழகாகச் சாய்ந்துகொள்ளும். வெட்டும் பாகம் 25 மி.மீ. உள்ள பிட் வாங்கிவிட்டால் பேரிங் பட்டிக்கு மேலேயே நின்றுவிடும், சாய ஒன்றும் இல்லாமல் பிட் பட்டியையே தின்றுவிடும். நீளமான பிட்தான் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, குட்டையானதைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டியைத் தடிமனாக்குங்கள், இரண்டு 12 மி.மீ. துண்டுகளை ஒட்டி 24 ஆக்கினால் 25 மி.மீ. பிட்டும் வேலை செய்யும்.

ஆழத்தில் பேராசை வேண்டாம். ஓர் ஓட்டத்தில் பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு, ட்ரிம்மர் என்கிற சின்ன ரவுட்டரில் 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது மெஷினுக்கும் பிட்டுக்கும் நல்லது. 6 மி.மீ. காடி என்றால் இரண்டு முறை. மேல் அடுக்கு சிராய் சிராயாகப் பிய்யாமல் இருக்க, காடியின் இரண்டு கோட்டையும் முதலில் கூர்மையான கத்தியால் கீறிவிட்டு ஓட்டுங்கள்.

கீழே பேரிங்கா, மேலே பேரிங்கா என்று குழம்புபவர்களுக்கு: அச்சுப்பலகை அடியில் இருந்தால் கீழ் பேரிங், மேலே இருந்தால் மேல் பேரிங். வளைந்த வடிவங்களை ஒரே மாதிரி நான்கு செய்ய வேண்டும் என்றால், எம்.டி.எஃப்.பில் ஒரு அச்சு வெட்டி அதைத் தொட்டுக்கொண்டு ஓட்டலாம். அச்சின் ஓரத்தில் நகக்கீறல் அளவு மேடு இருந்தாலும் நான்கிலும் அது வரும், அதனால் அச்சைத் தேய்க்கிற நேரத்தைக் குறைக்காதீர்கள்.

சுருள் வடிவ ஸ்பைரல் பிட் முழுக்கக் கார்பைடில் வரும், விலை அதிகம், வெட்டு மிகச் சுத்தம். மேல்நோக்கிச் சுருண்டது தூளை மேலே இழுத்துத் தள்ளும், ஆழமான துளைக்கு நல்லது, ஆனால் மேல் விளிம்பு பிய்யும். கீழ்நோக்கிச் சுருண்டது மேல் விளிம்பைச் சுத்தமாக வைக்கும், தூள் காடிக்குள்ளேயே அடைந்து சூடாகும். முதல் வருடத்தில் இது தேவைப்படாது.

மற்றவற்றை வேலை வந்தால் வாங்குங்கள். போட்டோ சட்டத்துக்குப் பின்புறம் கண்ணாடி உட்கார ஓரக்காடி எடுக்க ராபெட் பிட். காய் நறுக்கும் பலகையில் சாறு வழியாமல் இருக்க அரைவட்டப் பள்ளம் எடுக்கும் கோர் பாக்ஸ் பிட். எழுத்துச் செதுக்க வி வடிவ பிட். சாமி படத்தைச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்ட, படச்சட்டத்தின் பின்னால் திருகாணித் தலை நுழைந்து பூட்டிக்கொள்ளும் பள்ளம் வெட்டக் கீஹோல் பிட். இந்தக் கடைசி பிட்டின் அடி அகலம், கழுத்து குறுகல். மரத்தில் இறக்கி, முன்னே தள்ளி, வந்த வழியிலேயே திரும்பி, இறங்கிய துளைக்கு வந்தபிறகுதான் தூக்க வேண்டும். நடுவில் தூக்கினால் சட்டம் பிளக்கும். டவ்டெயில் பிட்டுக்கும் அடி அகலம், அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்த முடியாது, முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒல்லியான நேர் பிட்டால் நடு மரத்தை அள்ளிவிட்டால் அது திணறாது.

பெரிய பிட்டைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு வேகக் கணக்கு ஒன்று. 25 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு ஏறக்குறைய 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே வேகத்தில் 75 மி.மீ. பிட்டைச் சுற்றவிட்டால் முனை வேகம் 339 கிலோமீட்டர். அதனால்தான் விட்டம் கூடக் கூடச் சுற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள்: 25 மி.மீ. வரை 24,000, 50 மி.மீ. வரை 18,000, 75 மி.மீ.க்குப் பக்கத்தில் 12,000 அல்லது அதற்கும் கீழே. பிட்டின் தண்டிலோ அட்டையிலோ அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. உங்கள் மெஷினில் வேகத்தைக் குறைக்க முடியுமா என்பதையும் பாருங்கள். மகிட்டா 3709 ட்ரிம்மர் 30,000 சுற்றில்தான் ஓடும், அதைக் குறைக்க வழியில்லை. அதே கம்பெனியின் ஆர்.டி.0700-ல் 10,000 முதல் 30,000 வரை மாற்றிக்கொள்ளலாம். வேகம் மாற்ற முடியாத ட்ரிம்மரில் சின்ன பிட்டுகளோடு நின்றுவிடுங்கள். கதவுப் பலகைக்கு வளைவு வெட்டுகிற அகலமான பிட்டெல்லாம் அரை அங்குலக் காலெட்டுள்ள பெரிய மெஷினை மேசைக்கு அடியில் பூட்டி, வேகத்தைக் குறைத்துச் செய்ய வேண்டியவை. அவற்றைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது.

தள்ளும் திசை தப்பானால் எவ்வளவு நல்ல பிட்டும் மரத்தைக் கடிக்கும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரம் போல் வலம் சுற்றுகிறது. அதனால் பலகையின் வெளி ஓரத்தில் இடஞ்சுழியாகப் போக வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஓரத்தில் நின்றால் இடமிருந்து வலம். சட்டத்தின் உள் ஓரத்தில் இதற்கு நேர்மாறு. திசை சரியாக இருந்தால் மெஷின் உங்களை லேசாக எதிர்க்கும், தப்பாக இருந்தால் கையை விட்டு முன்னால் ஓடப் பார்க்கும். சுற்றிலும் உருட்டும்போது ரேகையின் குறுக்கே வரும் முனைப்பக்கங்களை முதலில் ஓட்டுங்கள், மூலையில் பிய்ந்தாலும் பிறகு நீளவாக்கில் ஓட்டும்போது அது போய்விடும்.

ஓரத்தில் கருகல் வந்தால் உடனே பிட் மழுங்கிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மெதுவாகத் தள்ளினாலும் கருகும், ஒரே இடத்தில் நின்றாலும் கருகும். முனையில் பிசின் படிந்திருந்தாலும் அதே. பிட்டைக் கழற்றிப் பாருங்கள், முனைக்குப் பின்னால் பழுப்பாக, தேன் காய்ந்த மாதிரி படிந்திருக்கும். பேரிங்கைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, பிட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பாதி நேரம் பிட் புதிது மாதிரி வெட்டும். நிஜமாகவே மழுங்கியிருந்தால் நேர் பிட்டைச் சின்ன வைரக் கல்லில் தீட்டலாம். தட்டையான முகத்தை மட்டும், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். சாய்ந்த பக்கத்தைத் தொட்டால் விட்டமும் வடிவமும் மாறிவிடும்.

கண்ணாடி, காதடைப்பான், முகமூடி மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. எம்.டி.எஃப். தூள் இன்னும் நுண்ணியது, அடுக்குமாடி பால்கனியில் காற்று சுற்றி உள்ளேயே வரும், பக்கத்து வீட்டுத் துணியிலும் படியும். நான் வாக்குவம் குழாயை மெஷினோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறேன்.

பிட்டுகளைத் தகர டப்பாவில் மொத்தமாகப் போட்டு வைத்தால் கார்பைடு முனைகள் ஒன்றோடொன்று மோதி உடையும். கெட்டியான மரத் துண்டு ஒன்றில் வரிசையாகத் துளை போட்டு, தண்டு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். என்னிடம் இருப்பது ஹொன்னே (வேங்கை) மரத்தில் மிஞ்சிய ஒரு துண்டு. அதில் இரண்டு வரிசை, ஒன்று 6 மி.மீ. ட்ரில்லால் போட்டது, இன்னொன்று 6.5 மி.மீ. ட்ரில்லால் போட்டது. புதிதாக எந்த பிட் வந்தாலும் முதலில் 6 வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். கால் அங்குலத் தண்டு அதில் இறங்காமல் மேலேயே நின்றுவிடும், இறங்கிப் போனால் அது 6 மி.மீ. பிட், அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்து அந்த வரிசையிலேயே விட்டுவிடுகிறேன். சிவப்புப் பொட்டு பிட்டை எடுக்கும்போது காலெட்டையும் சேர்த்து மாற்றுகிறேன்.